தோலிப் அடித்துக் கொடுத்த பட்டை

இஸ்தரவ்ஷானில் எங்கள் கொல்லர் தெருவில் ஒருவன் அடுத்தவன் கையை மெச்சுவது லேசில் நடக்காது. ஆனால் தொழில் ஆசான் என்று ஊரே உஸ்தோ போட்டுக் கூப்பிடும் தோலிபின் கத்தி என்றால் மட்டும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். என் பட்டறை அவருடையதற்கு நேர் எதிரே. நான் பூட்டும் கதவுக் கீலும் செய்கிறவன். நடந்ததில் பாதியை என் கண்ணால் பார்த்தேன். மீதியை அவரே பின்னாளில், கேட்காமலே, என்னிடம் சொன்னார்.

புது இரும்பை அவர் தொட மாட்டார். உடைந்த லாரிகளின் ஸ்பிரிங் பட்டை, எஞ்சின் வால்வு, தேய்ந்த பேரிங் வளையம், இவைதான் அவர் சரக்கு. ஏன் என்று யாராவது கேட்டால், "புது இரும்பு கல்யாணமாகாத பையன் மாதிரிப்பா. என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்? பத்து வருஷம் லாரிக்கு அடியில கிடந்து அடி வாங்கினதுதான் குடும்பத்துக்கு ஆகும்" என்பார்.

கத்தி வாங்க வந்தவன் முன்னால் ஓர் ஆணியை வைத்து, அதைக் கத்தியால் ஒரே வெட்டில் துண்டாக்கிக் காட்டுவார். கத்தியின் வாய் மழுங்கியிருக்காது. அலகு இம்மியும் வளைந்திருக்காது. "என் கையால அடிச்சது எது வளைஞ்சிருக்கு?" என்று அப்போது ஒரு கேள்வி கேட்பார். அது கேள்வியில்லை, அவர் தூக்கிப் பிடிக்கும் கொடி.

கத்திக்கு உறை செய்தவர் ஸோகிர். தோலிபைவிட வயதில் சின்னவர், சிரித்த முகம். அவர் உறை கத்திக்கு மட்டும் அளவெடுத்தது அல்ல, ஆளுக்கும் அளவெடுத்தது. இடது கைக்காரனா, குதிரையில் போகிறவனா, பூட்ஸுக்குள் செருகுகிறவனா என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் தோலை வெட்டுவார். ஒருமுறை ஒரு கறிக்கடைக்காரரின் பெருத்த வயிற்றைச் சுற்றி நூல் பிடித்துவிட்டு, "ஏன் அண்ணே, இது எப்பவும் இப்படித்தானா, இல்ல ரமலான்ல கொஞ்சம் உள்ள போகுமா? வார்ல துளை போடணும், அதான் கேக்குறேன்" என்றார். தெருவே சிரித்தது. கறிக்கடைக்காரரும் சிரித்தார். ஸோகிர் வெட்டிய தோலை அவர் மனைவி ஸவ்ரி வீட்டில் உட்கார்ந்து தைப்பாள். மெழுகு நூலில் அவள் போட்ட தையல் அரிசி அடுக்கியதுபோல் இருக்கும்.

தோலிபின் மகன் பஹ்ரோமிடம் ஒரு பழைய லாரி இருந்தது. உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு கணவாய்களைத் தாண்டித் தலைநகர் துஷன்பே போவான். கூடவே தோலிபின் கத்திகளும் போகும். அவற்றை விற்க ஸோகிர் போவார். உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம். வண்டிக்கு ஒரு சின்ன உதிரிபாகம் வேண்டுமென்றாலும் ஊர் ஊராக அலைய வேண்டும்.

அந்த இலையுதிர் காலத்தின் கடைசியில் ஒருநாள் பஹ்ரோம் லாரிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தான்.

"அப்பா, முன்பக்கம் இடது ஸ்பிரிங்ல மேல் பட்டை போயிடுச்சு."

"கீழே இருக்கிறதை வச்சு ஓட்ட முடியாதா?"

"மேல் பட்டைதானே அச்சைப் பிடிச்சு நிறுத்துது? நாளைக்குக் கிளம்பணும். பனி விழுந்துட்டா ஷஹ்ரிஸ்தான் கணவாயை மூடிடுவாங்க. அப்புறம் வசந்தகாலம் வரைக்கும் சரக்கு இங்கயே கிடக்கும்."

தோலிப் பட்டறை மூலையில் கிடந்த வேறொரு லாரியின் பட்டையை எடுத்தார். காய்ச்சினார், வளைத்தார், நுனியை வளையமாகச் சுருட்டினார். வேலை சுத்தமாக வந்தது. கடைசியில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். அப்படித் தோய்த்ததும் இரும்பு கண்ணாடிபோல் விறைத்துவிடும். மறுபடி மெல்லிய சூட்டில் வாட்டித்தான் அந்த விறைப்பை இறக்க வேண்டும். வாட்ட வாட்ட இரும்பின் மேல் நிறம் ஓடும். வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்தால் அது கத்திக்கு ஆகும். பொறுத்திருந்து நீலம் ஓடிய பிறகு எடுத்தால்தான் ஸ்பிரிங்குக்கு ஆகும். வளைந்து கொடுக்கும்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பஹ்ரோம் பக்கத்தில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். பட்டையில் வைக்கோல் நிறம் ஓடியதும் தோலிபின் கை தானாகவே குறடை நீட்டி அதை வெளியே எடுத்துவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பழகிய கை. எடுத்த பிறகுதான், நீலத்துக்குக் காத்திருக்கவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. மறுபடி உலையில் வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். கீழே மற்ற பட்டைகள் இருக்கின்றன, தாங்கும் என்று நினைத்தார்.

"தாங்குமாப்பா?" என்று பஹ்ரோம் கேட்டான்.

"என் கையால அடிச்சது எது வளைஞ்சிருக்கு?" என்றார்.

கணவாயின் அந்தப் பக்கத்து இறக்கத்தில், ஒரு வளைவில், லாரி சாலையை விட்டு இறங்கியது. கதவு திறந்து பஹ்ரோம் வெளியே வீசப்பட்டான். தொடை எலும்பு முறிந்தது. ஸோகிர் வண்டியோடு பள்ளத்துக்குள் போனார். பின்னால் வந்த ஓட்டுநர்கள் அவருடைய உடலை மேலே தூக்கி வந்தார்கள். லாரி அங்கேயே கிடந்தது. மறுநாளே பனி அதை மூடிவிட்டது.

பஹ்ரோமுக்கு எதுவும் சரியாக நினைவில்லை. ஸ்டீரிங் கைக்கு அடங்கவில்லை என்று மட்டும் சொன்னான். எதிரே வந்த ஒருவன், லாரி வேகமாக இறங்கியதாகச் சொன்னான். வேகம் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. பஹ்ரோமின் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அடக்கத்துக்கு வர முடியாத பஹ்ரோம், நாற்பதாம் நாள் விருந்துக்குக் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான். ஸோகிரின் அண்ணன் அவனை வாசலிலேயே மறித்தார்.

"எங்கடா வந்தே? எவ்வளவு வேகமா ஓட்டி என் தம்பியைக் கொன்னேன்னு சொல்ல வந்தியா?"

பஹ்ரோம் திரும்பும்போது கட்டை வழுக்கிச் சேற்றில் விழுந்தான். நான்தான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். தோலிப் மூன்றடி தள்ளி நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டு நிற்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அந்தக் குளிர்காலத்தில் பஹ்ரோம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கால் கூடிய பிறகும் வரவில்லை. கணப்புக்கு மேல் விரித்த சந்தலிப் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தான். அவன் மனைவி வசந்தகாலம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிறந்தகம் போய்விட்டாள். அப்போது அவளுக்கு மசக்கை.

ஸவ்ரி, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்ததும், துக்கத்துக்கு உடுத்திய நீல உடையோடு, தெருவுக்கு வந்தாள். கையில் நூல் உருண்டை, குத்தூசி. தோலிப் முன்னால் நின்று, "உஸ்தோ அண்ணே, வெட்டுறது அவரு, தைக்கிறது நான். இனிமே ரெண்டும் நானே. கத்தியைக் குடுங்க, அளவெடுத்துக்கிறேன்" என்றாள்.

தோலிப் எழுந்து நின்றுவிட்டார். அவர் எந்தப் பெண்ணுக்கும் எழுந்து நிற்கிற ஆள் இல்லை.

வாரம் ஒருமுறை வருவாள். முதலில் வெட்டிய தோல் கோணலாக வந்தது. பிறகு சரியாயிற்று. கணவரைப்போல வேடிக்கையாகப் பேச மாட்டாள். ஆனால் வருகிறவனின் நடையைப் பார்த்தே எந்தப் பக்கம் கத்தி கட்டுவான் என்று சொல்லிவிடுவாள். தோலிப் அவள் வீட்டுக்கு மாவு அனுப்பினார், பருத்தி எண்ணெய் அனுப்பினார், ஈத் பெருநாளுக்கு ஆட்டுத் தொடை அனுப்பினார். தெரு சும்மா இருக்குமா? ஒருநாள் லாடக்காரன் கரோமத் தன் பட்டறையிலிருந்தே கத்தினான்:

"என்ன உஸ்தோ, ரெண்டாவது கல்யாணப் பலாவ் எப்போ? முன்னாடியே சொல்லுங்க, வயித்தைக் காலியா வச்சுக்கிறோம்!"

தோலிப் கையிலிருந்த குறடை அவன்மேல் வீசினார். நல்லவேளையாகக் கதவில் பட்டது.

இந்தப் பேச்சு அவர் மனைவி மஸ்தூராவின் காதுக்கும் போயிற்று.

"நேராச் சொல்லுங்க. அவமேல ஆசையா?" என்று கேட்டாளாம்.

"இல்ல."

"இல்லன்னா நம்ம வீட்டு மாவு மூட்டை எதுக்கு அவ வீட்டுக்கு நடந்து போகுது? நம்ம பையன் படுத்துக் கிடக்கான். அவனுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னீங்களா?"

சாவுச் செய்தி வந்த நிமிடத்திலேயே அந்த வைக்கோல் நிறம் தன் கண்முன் வந்து நின்றது என்று பின்னாளில் தோலிப் என்னிடம் சொன்னார். ஆனால் வேகமும் இருந்திருக்கலாம், சாலையில் பனி உறைந்திருக்கலாம், யார் கண்டது? லாரி பனிக்கு அடியில் கிடக்கிறவரை எதையும் நம்பிக்கொள்ள முடிந்தது.

கோடையில் பழைய இரும்புக்காரன் ஒருவன் ஆட்களை வைத்து லாரியைப் பள்ளத்திலிருந்து இழுத்து மேலே கொண்டுவந்தான். துண்டு துண்டாக வெட்டி, வழக்கம்போல எங்கள் தெருவுக்கே விற்க வந்தான். நாங்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டோம். தோலிப் மட்டும் உள்ளே போய்த் துருத்தியைத் தைக்க உட்கார்ந்துவிட்டார். அது கிழிந்திருக்கவில்லை.

இரண்டொரு நாள் கழித்து ஸவ்ரி சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தாள். பிரித்து அவர் காலடியில் வைத்தாள். ஒரு ஸ்பிரிங் பட்டை. நுனி வளையத்துக்குச் சற்றுத் தள்ளி முறிந்திருந்தது.

"இரும்புக்காரன்கிட்ட கேட்டேன், அவரு போன வண்டியிலருந்து ஏதாவது ஒண்ணு குடுன்னு. இதைக் குடுத்தான். தோல் வெட்ட எனக்கு ஒரு கத்தி அடிச்சுக் குடுங்க அண்ணே. அவரைக் கொண்டுபோன இரும்பு அவரு பிள்ளைங்களுக்கு உழைக்கட்டும்."

தோலிப் குனிந்து பார்த்தார். நாட்பட்டு ஓய்ந்த பட்டை முறிந்தால் முறிவில் பாதி பழைய துருவாக இருக்கும், கொஞ்சம் வளைந்தும் இருக்கும். இந்த முறிவில் எட்டு மாத ஈரத்தின் மெல்லிய துரு மட்டுமே படிந்திருந்தது. வெட்டிய கண்ணாடிபோல நேர்முறிவு. துருவுக்கு அடியில் உப்புக்கல் மாதிரி மணி மணியாக இருந்தது. துளி வளைவு கிடையாது. பக்கத்தில் அவருடைய சம்மட்டியின் தடம், அவருக்கு மட்டுமே தெரிகிற தடம்.

"செய்றேன்" என்றார்.

செய்யவில்லை. அவள் வரும்போதெல்லாம் கரி நன்றாக இல்லை, கை வலிக்கிறது என்று ஏதாவது சொன்னார். வேறொரு பட்டையில் கத்தி அடித்து இதுதான் என்று கொடுத்துவிடலாமா என்று யோசித்தாராம். அதைவிட, இதையே உலையில் போட்டு அடித்துவிட்டால் முறிவும் இருக்காது, தடமும் இருக்காது. உலகத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஒருநாள் முற்பகலில் துணிந்து அதை உலையில் வைத்துத் துருத்தியை மிதித்தார். முறிந்த பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறுபக்கம் சிவக்கத் தொடங்கியபோது ஸவ்ரி வந்தாள்.

"அப்பாடா, வச்சுட்டீங்களா!" என்றாள். முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்ததை எதிர்ப்பக்கத்திலிருந்து நான் பார்த்தேன். கரிமூட்டைமேல் உட்கார்ந்தாள். நெருப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அண்ணே, பஹ்ரோம் இப்பத்தான் வெளிய வர்றான் போலிருக்கு. என்னைப் பாத்துட்டு நேத்து சந்துக்குள்ள ஓடினான். சின்னப் பையன் மாதிரி. எனக்குப் பாவமா இருந்துச்சு. நான் அவனை மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க. என் பிள்ளைங்க மேல ஆணை, மனசாரத்தான் சொல்றேன். வந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போகட்டும்."

தோலிப் துருத்தியை நிறுத்தினார். குறடால் பட்டையை வெளியே இழுத்துத் தரையில் போட்டார்.

"அவன்கிட்ட மன்னிக்க ஒண்ணும் இல்ல, ஸவ்ரி."

"என்ன சொல்றீங்க?"

"இந்தப் பட்டையை அடிச்சது நான். கிளம்புறதுக்கு முந்தின நாள். ஸ்பிரிங் மாதிரி அடிக்கல, கத்தி மாதிரி அடிச்சுட்டேன். விறைப்பை இறக்கல. தெரிஞ்சேதான் விட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. "வேகமா வந்தான்னாங்களே?"

"வந்திருக்கட்டும். நல்ல பட்டையா இருந்தா வளைஞ்சிருக்கும், வண்டி குலுங்கி நின்னிருக்கும். இதைப் பாரு, வளையவே இல்ல. முறிஞ்சு, அச்சு விலகி, ஸ்டீரிங் அவன் கையில சும்மா சுத்தியிருக்கும்."

நான் அரத்தைக் கீழே வைத்துவிட்டேன். தெருவில் சம்மட்டிச் சத்தம் எங்கோ தொடர்ந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று ஸவ்ரி கேட்டாள்.

"நீ கொண்டுவந்த அன்னிக்கு உறுதியாச்சு. சந்தேகம் முதல் நாள்லருந்தே."

"அந்த மாவு... எண்ணெய்... இறைச்சி. எல்லாம் இதுக்காகத்தானா? ஊரு கன்னாபின்னான்னு பேசினப்பகூட, கூடப் பிறந்த அண்ணன்கூட இப்படிச் செய்ய மாட்டான்னு நான் உங்களுக்காகச் சண்டை போட்டேனே!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பஹ்ரோமுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் எழுந்தாள். "அப்படின்னா என்கிட்ட எதுக்குச் சொன்னீங்க? முதல்ல அவன்கிட்ட இல்ல போயிருக்கணும்?" என்றாள். சுவரில் மாட்டியிருந்த, தான் தைத்த உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பட்டையை எடுக்கவில்லை. போகும்போது என்னைத் தாண்டித்தான் போனாள். முகத்தில் கண்ணீர் இல்லை, ரத்தமும் இல்லை.

தோலிப் உலையை அணைக்காமலே வீட்டுக்கு நடந்தார். பஹ்ரோம் சாப்பாட்டு விரிப்பின் முன் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். தகப்பன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மஸ்தூரா கையிலிருந்த டீக் கெண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

பஹ்ரோம் கத்தவில்லை.

"கண்ணை மூடினா பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கேன்ப்பா. எவ்வளவு மெதுவாப் போயிருந்தா அவரு பொழைச்சிருப்பாருன்னு கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன். நாற்பதாம் நாள் அன்னிக்கு நான் சேத்துல விழுந்தப்ப நீங்க நின்னுக்கிட்டிருந்தீங்க. நான் உங்களைத்தான் பாத்தேன்."

"தெரியும்."

"பட்டை தப்பாப் போறது யாருக்கும் நடக்கும். அதை நான் தாங்கியிருப்பேன்." அவன் ரொட்டித் துண்டை விரிப்பின்மேல் பத்திரமாக வைத்தான். "அதுக்கப்புறம் பேசாம இருந்தீங்க பாருங்க."

அன்றே மாமனார் வீட்டுக்குப் போனான். மனைவியோடு அங்கேயே தங்கி, ஹோஜந்த் சாலையில் ஒரு வண்டிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். ஊருக்கு வந்தால் தாயை மட்டும் பார்த்துவிட்டுப் போவான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தோலிப் எழுந்து நின்று, கூட்டத்தின் முன் எல்லாவற்றையும் சொன்னார். ஸோகிரின் அண்ணன் முன் வரிசையில் இருந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். அவர் அழுதுகொண்டே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தோலிப் போலீஸுக்கும் போனார். வழக்கு முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் பெரியவரே என்று அனுப்பிவிட்டார்கள். பஹ்ரோமின் லைசென்ஸையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினார். அதற்கு வேறு இடத்தில் மனுப்போட வேண்டும் என்றார்கள். ஊரில் பாதிப்பேர் எல்லாம் இறைவன் விதித்தது என்றார்கள். மீதிப்பேர் அவரிடம் கத்தி வாங்குவதை விட்டுவிட்டார்கள். விதி என்று சொன்னவர்களைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வாங்க வந்த சிலருக்கும் கத்தியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வேறு யாரிடமும் உறை தைக்கக் கொடுக்கவில்லை. ஆணியை வெட்டிக் காட்டுவதையும் நிறுத்திவிட்டார். ஸவ்ரி எங்கள் தெருவின் அடுத்த கோடியில் வேறு ஒருவருக்குத் தைக்கத் தொடங்கியிருந்தாள்.

திராட்சை பழுக்கும் சமயத்தில் அவள் மறுபடி வந்தாள். உட்காரவில்லை.

"கத்தியைப் பாதியில விட்டுட்டீங்க. அடிங்க. நான் இங்கேயே நின்னு பாக்கிறேன்."

மூலையில் அப்படியே கிடந்த பட்டையை அவர் எடுத்தார். காய்ச்சி, துண்டு வெட்டி, பிறை வடிவத்தில் தட்டி எடுத்தார். எண்ணெயில் தோய்த்தார். பிறகு வாட்ட வைத்தார். இரும்பில் நிறம் மெல்ல ஓடத் தொடங்கியதும் அவர் குறடை நீட்டி, மறுபடி பின்னுக்கு இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஸவ்ரியும் பார்த்தாள்.

"இப்ப எடுக்கணுமா?" என்றாள்.

"கத்திக்கு, ஆமா. இப்ப எடுக்கணும்."

"எடுங்க அப்போ."

எடுத்தார். அவர் சாணை பிடித்துக் கொடுத்ததும் அவள் அதன் வாயைத் தோல் துண்டில் இழுத்துப் பார்த்தாள். வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று. கூலியை, அவர் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்மேல் வைத்தாள். "வேணாம்மா" என்றார். "இருக்கட்டும். உங்ககிட்ட எனக்கு எதுவும் சும்மா வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பின் அவர் பட்டறைக்குள் அவள் வந்ததில்லை.

குளிர்காலத் தொடக்கத்தில் பஹ்ரோமுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் விருந்துக்கு மஸ்தூராவுக்கு அழைப்பு வந்தது. தோலிபுக்கு வரவில்லை. "நான் வரலாமா?" என்று மனைவியிடம் கேட்டாராம். "எனக்குத் தெரியாது" என்றாளாம் அவள். என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். போனோம்.

வாசலுக்கு வெளியே, பலாவ் அண்டாவின் புகைக்குப் பக்கத்தில் அவர் நின்றுவிட்டார். உள்ளே சிரிப்பும் பெண்களின் பாட்டும் கேட்டன. பஹ்ரோம் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன் அவரைப் பார்த்தான். தட்டுகளை மைத்துனனிடம் கொடுத்தான். நொண்டியபடி வந்து, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், சட்டைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதவோரத்தில் உட்காரவைத்தான். நானும் பக்கத்தில் உட்கார, எங்கள் முன்னால் ஒரு தட்டுப் பலாவையும் ரொட்டியையும் வைத்தான். கைகழுவத் தண்ணீர் ஊற்றினான். பிறகு மற்ற விருந்தாளிகளைக் கவனிக்கப் போய்விட்டான்.

தோலிப் ரொட்டியைப் பிய்த்து, "சாப்பிடுப்பா, ஆறிடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தானும் சாப்பிட்டார்.